கோட்டைமுத்து போட்ட கோடு

"நாலு குவளை கள்ளு வரைக்கும் என் கால் தள்ளாடாது. ஊர் அதை நம்ப மாட்டேங்குது," என்றான் ஓடக்காரன் கோட்டைமுத்து.

"உட்காருங்க அண்ணாச்சி," என்றார் வடிவாம்பிகை.

ஆற்றங்கரை மடத்தில் வைத்தியம் பார்க்கும் துறவி அவர். அவனைவிட இருபது வயது இளையவர். அன்று காலையிலிருந்து நாற்பது நாடி பார்த்த களைப்பு முகத்தில் இருந்தது.

போன மாதம் ஓடம் பாறையில் உரசியதிலிருந்து, அந்த அம்மா சரி என்று சொன்னால்தான் துடுப்பு என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. மறுநாள் காலை அக்கரையில் தேர். முப்பது வருஷமாக அவன்தான் சனங்களைக் கொண்டுபோய் விடுகிறவன். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

"குடிச்சா என்னென்ன போகும்? வரிசையாச் சொல்லுங்க. எனக்குச் சுவடியில படிச்சதுதான்."

கோட்டைமுத்து விரல் மடக்கினான். "மூணாவதுல நாக்கு குழறும். நாலு தாண்டினா கால். அஞ்சாறுல நினைவு. அது மத்தவங்க சொல்லித்தான் தெரியும்."

"அதுக்கும் மேல?"

"என் மச்சினன் போனான். குப்புறப் படுத்தவன். மூச்சு நின்னுபோச்சு."



"வெறும் வயித்துல குடிச்சா?"

"ரெண்டே நாலு மாதிரி ஏறும்."

"அப்போ குவளையை எண்ணி என்ன பிரயோசனம்? ரத்தத்துல எவ்வளவுன்னுல்ல எண்ணணும்."

"அங்க எட்டிப் பார்க்க முடியுமாம்மா?"

"முடியாது." கொட்டாவியை மறைத்துக்கொண்டார். "முதல் குவளையை விட்டுட்டீங்களே."

"அதுல ஒண்ணும் போகாது." பிறகு, "கவலை போகும். அதுக்குத்தானே குடிக்கிறது."

அந்த அம்மா உள்ளே போய் ஒரு கள்ளுக் கலயத்தோடு வந்தார். மடத்துக்குள் அது எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை.

"ரெண்டு குடிங்க. அப்புறம் ஓடத்துக்குக் கோடு போடுங்க."

தேருக்கு முன் ஓடத்துக்குப் புதிதாகத் தார் பூசுவார்கள். விளிம்பிலிருந்து ஒரு முழம் கீழே வெள்ளைக்கோடு போடுவான். ஆட்கள் ஏற ஏற ஓடம் தாழும். தண்ணீர் கோட்டைத் தொட்டால் அதற்குமேல் யாரும் ஏறக்கூடாது.

குடித்தான். போட்டான். முழம் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. முப்பது வருஷக் கண்.

கை நடுங்கவே இல்லை. முனையிலிருந்து முனைவரை, கயிறு கட்டி இழுத்த மாதிரி.

"பாருங்கம்மா. இம்மி பிசகலை."

"பிசகலை."

"அப்போ ஊர்ல சொல்லிருங்க."

"காலையில சொல்றேன்."

காலையில் துறை கொள்ளாத கூட்டம். பிள்ளைகள், பூக்கூடைகள், கைத்தடிக் கிழவர்கள். அவனுக்குத் தலை கனத்தது. புத்தி தெளிவாக இருந்தது.

"சொல்லிட்டீங்களாம்மா?"

"நான் எதுக்கு? நேத்து நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே. முழம் போட்டுப் பாருங்க."

குனிந்து, முழங்கையை விளிம்பில் வைத்து, கையைக் கீழே நீட்டினான்.

கோடு விரல்நுனியில் இல்லை. அவன் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. நாலு விரல் மேலே. அதுவரை ஆள் ஏற்றினால் ஓடம் நாலு விரல் கூடுதலாகத் தாழும். அப்போதும் நேராகத்தான் இருந்தது, இம்மி பிசகாமல்.

இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி ஓடத்தில் ஒரு காலை வைத்திருந்தாள்.

"ஏறலாமா மாமா?"

கையை அவன் எடுக்கவில்லை.

"இரு தாயி," என்றான். "எனக்கு இப்பத்தான் கவலை வருது."