பாவாத்தாள் சொன்ன சாட்சி

ஈரோட்டில் குழந்தைவேலு என்றொரு முதலாளி, திராட்சைக் கொட்டையின் சத்தை மாத்திரையாக்கி விற்றுவந்தார். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் அது சக்தி ஏற்றும் என்பார். அவருடைய ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் பாவாத்தாளுக்கு மாடியேறினால் மூச்சு வாங்கும். அவளிடம் ஒரு டப்பாவைக் கொடுத்து, "ஒரு மாசம் சாப்பிடு. அப்புறம் வியாபாரிகள் கூட்டத்துல குணமாச்சுன்னு சொல்லணும். பொய்யும் சொல்லக் கூடாது. சொதப்பினா வேலை இல்லை" என்றார்.

வேலை போய்விடுமே என்ற கலக்கத்தோடுதான் அவள் மேடையேறினாள். "முன்னெல்லாம் நாலாவது மாடிக்கு வர்றதுக்குள்ள மூணு தடவை உக்காருவனுங்க. இப்ப மூச்சே வாங்கறதில்லீங்க."

கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு வியாபாரி, "வேற ஏதாச்சும் மாத்தம் உண்டாம்மா?" என்று கேட்டார்.

"மாத்திரை குடுத்த வாரம் ஆபீஸுக்கு லிஃப்ட் போட்டாங்க."

முதலாளி குறுக்கிட்டார். "அப்ப மாத்திரை வேலை செய்யலைங்கறயா?"

"அதெப்படிங்க சொல்றது? ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. லிஃப்டை ஒரு மாசம் நிறுத்திட்டு, நீங்களும் மாத்திரை போட்டுட்டு எங்கூடப் படியேறுங்க. தெரிஞ்சுரும்."

அந்தச் சோதனையின் முடிவு தெரிந்த பிறகு ஆர்டர் தருவதாகச் சொல்லி வியாபாரிகள் எழுந்தார்கள். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லாததால் பாவாத்தாளை வேலையை விட்டு அனுப்ப முதலாளிக்கு வழியில்லை. படியேறவும் அவருக்கு மனம் வரவில்லை.