என்றால் சரியல்ல

நீதிபதி மரகதவல்லியிடம் ரெஜின் என்றொரு சீடன் இருந்தான். சட்டம் முடித்த கையோடு வந்து சேர்ந்தவன். வழக்குக் கட்டுகளைப் படித்து நீதிபதி அம்மாவுக்குக் குறிப்பு எழுதித் தருவது அவன் வேலை. மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் குரலில் திரிவான். அரசு வக்கீலின் மூக்கடைப்பு, டவாலியின் இருமல், மேலே ஏற மனமில்லாத லிஃப்டின் முனகல் எதையும் விட்டுவைத்ததில்லை. அன்று காலை இன்டர்காமில் நீதிபதியின் குரலிலேயே கேன்டீனுக்குப் பேசி, சேம்பரில் இருந்த அத்தனை பேருக்கும் வடை வரவழைத்திருந்தான்.

மத்தியானம் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலுக்குப் போனான், திரும்பினான்.

மறுநாள் ஒரு மேல்முறையீட்டில் தீர்ப்பு. பள்ளி வேன் ஓட்டிய ஒருவன், வேனில் வந்த எட்டு வயதுப் பிள்ளையிடம் தகாதபடி நடந்தான் என்று கீழ்க்கோர்ட்டு தண்டித்திருந்தது. சிறையிலிருந்து அப்பீல் போட்டிருந்தான். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. டாக்டர் சான்றிதழ் இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. எல்லாம் அந்தப் பிள்ளையின் சொல்லில் நின்றது. சொல் நின்றால் அவன் உள்ளே. விழுந்தால் அதே தெருவுக்கு அதே வேனோடு வருவான்.

விழும் என்பது ரெஜினின் கட்சி. பொறுக்கமாட்டாமல் உள்ளே போனான்.

“அம்மா, எட்டு வயசுப் பிள்ளை ‘மேற்படி’ன்னு பேசுமா?”

நீதிபதி நிமிர்ந்தார். ரெஜின் சிறுமியின் வாக்குமூலத்தை எடுத்து வாசித்தான்.

“மேற்படி எதிரி ஓட்டி வந்த வாகனத்தில் நான் கடைசியாக இறக்கிவிடப்படுவது வழக்கம். என் தாயார் சொல்லிக்கொடுத்ததன் பேரில் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல.”

எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். ‘என்றால் சரியல்ல’ என்பது, வக்கீல் கேட்டதற்கு இல்லை என்ற மறுப்பு. எல்லாம் கோர்ட்டு பாஷை. வாசித்து முடித்த ரெஜின் சட்டென்று எதிரியின் வக்கீலாகவே மாறினான். தொண்டையைச் செருமி, கவுனை இழுத்துவிடுவது போலத் தோளைக் குலுக்கி, இது குழந்தை பேச்சா, வீட்டில் உட்காரவைத்து உருப்போடவைத்த பேச்சா என்று கனம் கோர்ட்டாரைக் கேட்டான். பிறகு அரசு வக்கீலாகி மூக்கை உறிஞ்சினான். பதில் சொல்லத் தெரியாமல் காகிதம் புரட்டினான். கடைசியில் தன் குரலுக்கே திரும்பி, சொல்லிக்கொடுத்த சாட்சி, சந்தேகத்தின் பலனை எதிரிக்குத் தரலாம் என்று குறிப்பு எழுதிவிட்டதாகவும் சொன்னான்.

நீதிபதி சிரிக்கவில்லை.

“எல்லார் குரலும் வருதே. அவ குரல்ல வாசி.”

ரெஜின் வாயைத் திறந்தான். மூடினான். இன்னொரு வரியில் முயன்றான். வந்ததெல்லாம் கோர்ட்டு குமாஸ்தா குரல்.

“வரலம்மா. அதைத்தான் நானும் சொல்றேன். இது பிள்ளை குரலே இல்ல.”

நீதிபதி மணியை அடித்தார். ஸ்டெனோ கோயில்பிள்ளை வந்தார். கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியம் தட்டியே தலை நரைத்தவர்.

“ஒரு சாட்சியம் எடுக்கணும் கோயில்பிள்ளை. அங்கெல்லாம் எப்படி எடுப்பீங்களோ அப்படியே.” ரெஜின் பக்கம் திரும்பினார். “காலையில வடை எப்படிய்யா வந்துச்சு?”

ரெஜினுக்கு முகம் செத்துப்போனது. ஆனாலும் சொன்னான். சும்மா தமாஷுக்குத்தான் என்றான், அம்மா குரல் அவ்வளவு பொருந்தும் என்று தனக்கே தெரியாது என்றான், கேன்டீன் அண்ணன் எழுந்து நின்று பேசிய மாதிரி இருந்தது என்றான், ரெண்டே ரெண்டு தின்றேன் என்றான்.

“கோயில்பிள்ளை தூண்டிவிட்டுத்தானே செஞ்ச?”

“ஐயோ, அவரு பாவம்மா. சட்னிகூடத் தொடல.”

கோயில்பிள்ளை தட்டி முடித்து, தாளை உருவி நீட்டினார். ரெஜின் வாசித்தான்.

“நான் மேற்படி அலுவலகத்தில் பணிபுரிந்து வருகிறேன். இன்று காலை நீதிபதி அவர்களின் குரலை ஒத்த குரலில் தொலைபேசி வாயிலாகப் பேசி, சிற்றுண்டிச்சாலையிலிருந்து வடைகளைத் தருவித்தேன். அவற்றில் இரண்டை நான் உட்கொண்டேன். கோயில்பிள்ளை என்பவர் தூண்டியதன் பேரில் அவ்வாறு செய்தேன் என்றால் சரியல்ல.”

“யாருய்யா சொல்லிக்கொடுத்தா உனக்கு?” என்றார் நீதிபதி.

“யாரும் இல்லம்மா. நானாத்தான் சொன்னேன்.”

“இதுல உன் வார்த்தை எது?”

ரெஜின் தேடினான். மேலிருந்து கீழே வந்தான், மறுபடி மேலே போனான்.

“வடை.”

“அதுக்கு வேற சொல் அகப்படல தம்பி” என்றார் கோயில்பிள்ளை, மன்னிப்புக் கேட்பது போல.

நீதிபதி சிறுமியின் வாக்குமூலத்தை அவன் பக்கம் தள்ளினார்.

“இதுல வடை எதுன்னு பாரு.”

ரெஜின் நின்றபடியே படித்தான். அவன் காலாட்டம் முதல் தாளோடு நின்றது. அடுத்த தாளில், அத்தனை மேற்படிகளுக்கும் நடுவில், எந்த ஊர் ஸ்டெனோவுக்கும் வேறு சொல் அகப்படாத ஒரு வரி கிடந்தது.

‘காலையில் பாம் பாம் பாஆஆம் என்று கேட்டால் நான் கட்டிலுக்கு அடியில் சென்றுவிடுவேன்.’

முன்பே படித்த வரிதான். படித்துத் தாண்டிப் போயிருந்தான்.

பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்தது. பாம் வந்தது. இன்னொரு பாம் வந்தது. மூன்றாவது வரவில்லை. அது ஏன் அவ்வளவு நீளம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பிள்ளை வெளியே வரும்வரை கையை எடுக்காமல் அடிக்கிற ஹாரன் அது.

கோயில்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெஜின் தன் குறிப்பை எடுத்து ரெண்டாகக் கிழித்தான். 

“தண்டனை சரிதான்னு இப்பவே மாத்தி எழுதிரட்டுமாம்மா?”

நீதிபதி வாக்குமூலத்தை வாங்கி, முதல் தாளுக்குத் திருப்பி, இருவருக்கும் நடுவில் வைத்தார்.

“சாட்சி இப்பத்தான் வந்திருக்கா. உட்காரு. முதல்லேர்ந்து கேப்போம்.”