தெய்வானை போட்ட முடிச்சு

திருச்சியில் உமையாள் அம்மாவின் சிறிய மடத்துக்கு வருகிற சீடர்களில் சொக்கலிங்கம்தான் மூத்தவர். குருவைவிடவே இருபது வயது மூத்தவர். பாடத்துக்கு ஒரு நாளும் தாமதித்ததில்லை. அன்றைக்கு மட்டும் பாடம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு வந்தார். கையில் உரப் பொட்டலம் ஒன்று இருந்தது.

"என்ன ஐயா, வயலில் இறங்கிவிட்டீர்களா?" என்றார் அம்மா.

"வீட்டில் மணி பிளான்ட் வாடுதம்மா. போன வாரம் ஓர் உரம் போட்டேன். கேட்கவில்லை. இது கடைக்காரர் புதிதாகக் கொடுத்தது." மனைவியின் நினைவில் அவருடைய குரல் இறங்கியது. "தெய்வானை வைத்த செடி. அவள் போன பிறகு அந்த வீட்டில் உயிரோடு இருப்பது அதுவும் நானும்தான்."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். "வாருங்கள், பார்ப்போம்."

அவர் வீட்டுக் கூடத்து ஜன்னலோரம் தொட்டி இருந்தது. கொடி அங்கிருந்து ஏறி, ஆணிக்கு ஆணி தாவி, வாசல் நிலைக்கு மேலே வளைந்து சாமி படம் வரைக்கும் போயிருந்தது. ஒவ்வோர் ஆணியிலும் சிவப்புக் கம்பளி நூலால் ஒரு முடிச்சு. தொட்டியருகே இலைகள் பளபளத்தன. முதல் முடிச்சைத் தாண்டியதும் வெளிறின. கடைசி இலைகள் மஞ்சளாகித் தொங்கின.

"தண்ணீர்?"

"அவள் ஊற்றிய அதே டம்ளரில்தான் ஊற்றுகிறேன்."

"வெளிச்சம்?"

"அவள் வைத்த இடத்தைவிட்டு நகர்த்தவில்லை. இலைகளைக்கூட அவள் வைத்திருந்த துணியால்தான் துடைக்கிறேன். எல்லாம் அவள் செய்தபடியே அம்மா."

அம்மா எக்கி நின்று முதல் முடிச்சைத் தடவிப் பார்த்தார். நூல் தண்டுக்குள் புதைந்திருந்தது.

"கத்தரிக்கோல் இருக்கிறதா?"

சொக்கலிங்கம் சட்டென்று குறுக்கே வந்து நின்றார். "வேண்டாம் அம்மா! என் பழைய மப்ளரைப் பிரித்து அவள் எடுத்த நூல். அவள் கையால் போட்ட முடிச்சு. நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை."

அம்மா கையை எடுத்துக்கொண்டார். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆச்சி எப்படிக் கட்டுவார்கள்? சொல்லுங்கள், கேட்கிறேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாதப்பிறப்புக்கு மாதப்பிறப்பு அம்மா. வீட்டைத் துடைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, ஸ்டூல் மேல் ஏறிவிடுவாள். நான் ஸ்டூலைப் பிடிக்க வேண்டும். கூந்தல் ஈரம் என் கையில் சொட்டும். 'காபி ஆறுதடி' என்பேன். 'ஆறட்டும். நான் விழுந்தா அப்புறம் தினமும் நீங்கதான் காபி போடணும்' என்பாள்." சிரித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்போது நான்தான் போடுகிறேன்."

"ஸ்டூல் மேல் நின்று என்ன செய்வார்கள்?"

"முடிச்சுப் போடுவாள்."

"மாதாமாதமா? அதே ஆணியிலா?"

சொக்கலிங்கம் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நான் மேலே பார்த்ததே இல்லை அம்மா. ஸ்டூல் ஆடும். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் செடியோடு பேசுவது கேட்கும். 'வளர்ந்துட்டியே! போன மாசத்துக் கட்டு இறுக்குதா?' என்பாள். நூல் வந்து என் தோளில் விழும். எடுத்து நீட்டுவேன். வாங்கிக்கொள்வாள்…"

அவர் தம் தோளைப் பார்த்தார்.

"கடைசியாக எப்போது கட்டினார்கள்?"

"போன வருஷம் ஆவணி முதல் தேதி. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாள்."

"புரட்டாசி முதல் தேதி என்ன செய்திருப்பார்கள்?"

சொக்கலிங்கம் உரப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

உள்ளே போய் அந்த ஸ்டூலைத் தூக்கிவந்தார். அம்மா எழுந்து அதைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏறி, நகத்தால் முதல் முடிச்சை நெருடினார். பல தடவை வழுக்கியது. பிறகு நெகிழ்ந்தது. தண்டில் வளையமாக ஒரு தழும்பு தெரிந்தது. மப்ளரில் இருந்த நெளிவு மாறாமல் நூல் அவர் உள்ளங்கையில் கிடந்தது.

"அம்மா, இதை அவளுடைய நகைப்பெட்டியில் வைத்துவிடட்டுமா?"

"பக்கத்துக் கணுவில் கட்டுங்கள் ஐயா," என்றார் அம்மா. "மாதப்பிறப்பு வரைக்கும்."