அரக்குச் சேலை

ஆவுடைச்செல்வியிடம் படம் வரையப் படித்தவர்களில் மூத்தவர் சங்கரபாண்டி. அவருக்கு அறுபத்திரண்டு வயசு. டீச்சருக்கு முப்பதுதான். சங்கரபாண்டி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் டீச்சர் முன்னால் உட்கார மாட்டார்.

அன்றைக்கு ஒரு நோட்டோடு வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு நிறம் சரியா வந்துட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

"எந்த நிறம், அண்ணாச்சி?"

"அரக்கு. கோமுவோட கல்யாணச் சேலை."

கோமு அவர் மனைவி. ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண் தை வரைக்கும் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்வை போவதற்குள் அந்தச் சேலை நிறத்தை ஒரு தடவை பார்க்கணும் என்று கேட்டிருக்கிறாள். சேலை எங்கே இருக்கிறது? மூன்று பிள்ளைகளுக்கும் தொட்டில் கட்டியே நைந்து போயிற்று.

டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்தாள். சிவப்பு இத்தனை சொட்டு, கறுப்பு இத்தனை சொட்டு என்று எழுதி, பக்கத்திலே பூசியும் வைத்திருந்தார். பதினொரு அரக்கு.

"அரக்குக்குப் பெரிய 'ற' போட்டிருக்கீய."

"ஐயோ, சின்னதா? அதனாலதான் வர மாட்டேங்குதோ?"

டீச்சர் சிரித்துவிட்டாள். "பெயிண்டுக்கு எழுத்து தெரியாது. மதினி என்ன சொல்லுதாவ?"

"முதல்ல போட்டது செங்கல்லாம். அடுத்தது கருப்பட்டியாம். நேத்துப் போட்டதைக் காட்டுனா, 'இது உங்க பஸ்ஸுக்கு அடிச்ச பெயிண்டு'ங்கா."

டீச்சர் தன் கலவைத் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். பழைய பீங்கான் தட்டுதான். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தச் சேலைக்குக் கரை என்ன நிறம்?"

யோசித்தார். "மஞ்சளா இருக்கும்."

"முந்தியில என்ன போட்டிருந்தது?"

சங்கரபாண்டி மோவாயைச் சொறிந்தார்.

"தாலி கட்டும்போது பக்கத்துலதானே இருந்தீய? எதைத்தான் பாத்தீய?"

தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்துவிட்டது.

"மூக்குத்தியை."

"சொல்லுங்க."

"வெள்ளைக் கல்லு. ஓமப்புகையில கண்ணு கலங்கி, மூக்கு நுனியில வேர்வை. அது கல்லா, வேர்வையான்னே தெரியலை. இடது புருவத்துல ஒரு அரிசி ஒட்டியிருந்துச்சு. எடுத்து விடணும்னு கை வந்துச்சு. ஊரே பாக்குதேன்னு விட்டுட்டேன்."

டீச்சர் தட்டிலே சிவப்பைக் கொஞ்சம் வைத்தாள். கறுப்பைக் கொஞ்சம், மஞ்சளைக் கொஞ்சம், தள்ளித் தள்ளி வைத்தாள். எதையும் கலக்கவில்லை. தட்டை அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க முகத்தை வரைங்க, அண்ணாச்சி. மூக்குத்தி, வேர்வை, அரிசி எல்லாம் வரைங்க. சேலையை விட்டிருங்க. அதை மதினி கலந்து பூசட்டும்."

"அவ பிரஷ்ஷே பிடிச்சதில்லையே!"

"விரல் இருக்குல்லா."

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். அங்கேயே நின்று திரும்பினார்.

"பார்வையும் மங்கல். அவ நிறத்தைத் தப்பாப் போட்டுட்டான்னா, டீச்சர்?"

"தப்புன்னு சொல்ல, அன்னைக்கு அந்தச் சேலையை இன்னொரு ஆளும் பாத்திருக்கணுமே, அண்ணாச்சி."