மெழுகில் ஒட்டாதது

"மணல் நகர்ந்தா அதுக்கு எழுதினவனா பொறுப்பு, அம்மா?"

மூன்று நாளாகத் திருமேனி இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கொக்குமுனை முகத்துவாரத்தில் குடிசை போட்டிருந்த, ஊர் அம்மை என்று கூப்பிடும் பெண் துறவிக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. ஆனாலும் மனசு தெளியும் என்று யாரோ சொல்ல, வந்து சீடராக உட்கார்ந்துவிட்டார்.

அவர் கேட்கக் கேட்க அம்மை கயிறு திரித்துக்கொண்டே இருந்தாள்.

திருமேனி லேசுப்பட்ட ஆள் இல்லை. எந்த ஆற்று வாயில் எவ்வளவு ஆழம், எங்கே நங்கூரம் பிடிக்கும் என்று கரை நெடுக அளந்து எழுதினவர். அந்தக் குறிப்பை நம்பித்தான் சரக்குத் தோணிகள் ஓடின. போன ஐப்பசி வரைக்கும் பெரிய பெயர்.

அந்த ஐப்பசியில், காற்றுக்கு ஒதுங்க ஒரு வெளியூர்த் தோணி கொக்குமுனைக்குள் நுழைந்தது. குறிப்பில் மூன்று பாகம் ஆழம் என்று இருந்தது. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். மூன்று பாகத்தில் தோணி தாராளமாகப் போகும்.

போகவில்லை. அடி தட்டிப் பிளந்தது. ஓட்டிவந்த கன்னியப்பன் பிழைத்தான். அவன் தம்பி பிழைக்கவில்லை.

மழையில் மணல் நகர்ந்து திட்டாகிவிட்டது என்று சொன்னார் திருமேனி. ஊர் நம்பியது. நம்பியதோடு விட்டதா? மணல் திட்டு இருந்தால் மேலே தண்ணீர் வெளிறித் தெரியுமே, அதைப் பார்க்காதவன் என்ன தோணிக்காரன் என்று பேசியது. கன்னியப்பனும் அதை ஒப்புக்கொண்டான். என் கண்தான் தம்பியைக் கொன்றது என்றான். சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. அம்மையின் படகை ஆற்றுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு கிடந்தான்.

அவன் இங்கே இருப்பது தெரியாமல்தான் திருமேனி வந்திருந்தார். வந்த அன்றே பார்த்துவிட்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை அம்மை கயிற்றைக் கீழே வைத்தாள்.

"அளக்கும்போது கயித்துல குண்டு கட்டிப் போட்டீங்களா?"

"போட்டேன்மா."

பச்சைப் பொய். அன்றைக்கு அவருக்குக் குளிர்க்காய்ச்சல். வடக்கே ஆற்று வாயில் மூன்று பாகம், தெற்கே மூன்று பாகம், நடுவில் கொக்குமுனையில் மட்டும் வேறாகவா இருந்துவிடப் போகிறது என்று கரையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடியே எழுதிவிட்டார். குண்டு நனையவே இல்லை.

"அப்போ இன்னொரு தடவை போட்டுட்டு வாங்க. தோணி தட்டின இடத்துல."

திருமேனி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கன்னியப்பன் கூட்டிட்டுப் போவான். வழக்கம் தெரியும்தானே? வாய்விட்டுச் சொல்லணும்."

தெரியாமலா? ஈயக்குண்டின் அடிக்குழியில் மெழுகை அப்பி இறக்குவார்கள். அடியில் மணல் என்றால் மணல் ஒட்டும், சேறு என்றால் சேறு. குண்டு போட்டவன் ஆழத்தையும் அடியையும் உரக்கச் சொல்ல வேண்டும். துடுப்புப் பிடித்தவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பு நேரக்கூடாது என்பதற்காக வைத்த வழக்கம்.

இரண்டு பேரும் படகில் போனார்கள். ஓரிடத்தில் கன்னியப்பன் துடுப்பை நிறுத்தினான். அடையாளம் எதுவும் இல்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"இங்கதான் ஐயா. அந்த மணல் இன்னும் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. அன்னிக்கு என் கண்ணுக்கு ஏன் தெரியாமப் போச்சுன்னு தினம் யோசிக்கிறேன்."

சொல்லிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

ஐயா என்கிறானே என்று திருமேனிக்குக் கூசியது.

குண்டை இறக்கினார். ஒரே பாகத்தில் கயிறு தொய்ந்தது. தட்டியது கைக்கே தெரிந்தது. மேலே இழுத்துத் திருப்பிப் பார்த்தார்.

மெழுகு வைத்தது வைத்தபடி இருந்தது. நடுவில் ஒரு வடு. ஒரு பொட்டு மணல் இல்லை.

படகுக்குள் காலடியில் கரை மணல் கிடந்தது. ஒரு சிட்டிகை எடுத்து அப்பினால் போதும். கன்னியப்பன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. திருமேனியின் கட்டைவிரல் அந்த மணலைத் தொட்டது. தொட்டதும் வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இந்த வயதில், தம்பியைப் பறிகொடுத்தவன் முதுகுக்குப் பின்னால், இதையும் செய்யத் துணிந்துவிட்டேனே என்று இருந்தது. விரலை வேட்டியில் துடைத்தார்.

"ஒரு பாகம்," என்றார்.

"ஒரு பாகம்," என்றான் கன்னியப்பன்.

"பாறை. நான் அன்னிக்குக் குண்டே போடலைப்பா."

திருப்பிச் சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை. திரும்பி, அவர் கையில் இருந்த மெழுகைப் பார்த்தான்.

"பாறைன்னா தண்ணி வெளிறாதே ஐயா," என்றான்.