அண்ணாச்சி வலது காலை வைத்தார்

பழைய கார் விற்கும் பாண்டித்துரை அண்ணாச்சி கேட்டைப் பூட்டச் சொன்னார். டீச்சருக்காகக் காரைப் பார்க்க வந்த டிரைவர் இசக்கிராஜ் உள்ளே மாட்டிக்கொண்டான். போன மாதம் இங்கே ஒரு காரின் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் இன்னும் கையில் கட்டோடுதான் திரிகிறான்.

“கார்பெட்டுல உன் கை பட்டுது, முறிச்சிருவேன். ஆனா அடியில ஈரமே இல்லன்னு நீதான் உங்க டீச்சரம்மாகிட்ட சொல்லணும்” என்று அவன் காதில் சொன்னார் அண்ணாச்சி. இரண்டு அடியாட்கள் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த டீச்சர், “வெள்ளத்துல கிடந்த வண்டியாப்பா?” என்று அவனைக் கேட்டார்.

“சொல்லுதேன் டீச்சர். முதல்ல பூஜையை முடிச்சிருவோம்” என்று இசக்கிராஜ் பானட்டில் சூடம் கொளுத்தினான். “அண்ணாச்சி, செருப்பைக் கழத்திட்டு வலது காலை வச்சு ஏறி, உங்க கையால சாவியை எடுத்துக் குடுங்க. அப்பதான் ராசி.”

ராசி என்றால் அண்ணாச்சி மறுக்க மாட்டார். அந்தக் கனத்த உடம்போடு வெறுங்காலை ஊன்றி ஏறினார். மேலே காய்ந்திருந்த கார்பெட்டுக்கு அடியில் இருந்த பஞ்சிலிருந்து தண்ணீர் பிதுங்கி மேலே வந்தது. இறங்கியபோது சிமெண்ட் தரையில் அவர் பாதம் ஐந்து விரலோடும் ஈரமாகப் பதிந்தது.

டீச்சர் குனிந்து பார்த்தார். அடியாட்களும் பார்த்தார்கள்.

இசக்கிராஜ் கைகள் இரண்டையும் தூக்கிக் காட்டினான்.

“என் கை படவே இல்ல, அண்ணாச்சி.”