பத்து நிமிட இடைவேளை

ஊர் பேரைக் கேட்காதீங்க, வருஷத்தையும் கேட்காதீங்க. எங்கோ ஓர் ஐ.டி.ஐ. இருந்தது. அங்கே ஃபிட்டர் பாடம் நடத்தும் செல்லக்கனி மேடம் இருந்தார். அவரிடம் உலகம்மாள் என்று ஒரு மாணவி இருந்தாள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

அன்று மாவட்டத் திறன் போட்டி. ஓர் இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துச் சதுரமாக்க வேண்டும். தகட்டில் இருக்கும் சதுரத் துளைக்குள் அது நுழைய வேண்டும். நுழைந்தபின் விளக்குக்கு நேராகப் பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சமும் தெரியக் கூடாது.

முதலில் வருபவருக்கு மாநிலப் போட்டி. உலகம்மாள் முதலில் வராவிட்டால் அவளுக்குத் திங்கட்கிழமை முதல் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அப்பா அங்கே பேசி முடித்துவிட்டார். "ஜெயிச்சா படி. இல்லேன்னா நிறுத்திரு" என்று காலையிலும் சொல்லித்தான் அனுப்பினார்.

இரண்டேமுக்கால் மணி நேரம் தேய்த்தாயிற்று. துண்டு நுழையவில்லை. மயிரிழை தடுத்தது.

மணி அடித்தார்கள். பத்து நிமிட இடைவேளை. அதற்குப் பிறகு ஐந்தே நிமிடம். இடைவேளையில் கருவிகளைத் தொடக் கூடாது, ஆசிரியரிடம் பேசலாம்.

உலகம்மாள் துண்டை உள்ளங்கையில் இறுக்கியபடியே, போட்டி மேசைகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடிவந்தாள்.

"மேடம், உள்ள போவ மாட்டேங்கு. இன்னும் எத்தன இழுப்பு இழுக்க? ரெண்டா, மூணா?"

மேடம் துண்டை வாங்கி, ஒரு கணம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உன் மேசையில வெச்சுட்டு வா."

வைத்துவிட்டு வந்தாள். மேடம் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டா, மூணா மேடம்?"

பக்கத்து மேசை இசக்கிராஜா தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றான்.

"என்னக்கா, கைரேகை பாக்காங்களா? மாநிலத்துக்குப் போற ரேகை இருக்கா?"

"போலே, உன் சோலியப் பாரு."

"என் சோலி முடிஞ்சிட்டு. இப்பத்தான் உள்ள போட்டேன், கச்சிதமா நின்னுட்டு."

அவன் சிரித்துக்கொண்டே போனான்.

"விடுங்க மேடம். ஒரு தடவ எடுத்துப் பாத்துட்டு வாரேன்."

பிடி இறுகியது.

"ஆறு நிமிஷம் போயிட்டு மேடம்!"

"தண்ணி குடிக்கியா?"

"தண்ணியா?" அவள் அழுதேவிட்டாள். "எங்கப்பாட்ட நான் என்னத்தச் சொல்ல? நீங்க வந்து சொல்லுவீயளா?"

மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். கைகளை விடவில்லை. உலகம்மாள் ஒருமுறை வெடுக்கென்று இழுத்தும் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள்.

மணி அடித்தது. மேடம் விட்டார்.

உலகம்மாள் ஓடினாள். போன வேகத்தில் அரத்தை எடுத்தாள். மூன்று இழுப்பு என்று அவளே முடிவு செய்துகொண்டாள். இழுக்கும் முன், வெறுப்போடு துண்டைத் துளையில் வைத்தாள்.

அது சத்தமில்லாமல் உள்ளே போனது.

அரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

நடுவர் ஒவ்வொரு தகடாக விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இசக்கிராஜாவுடையதில் ஓரமாக ஒரு கீற்று தெரிந்தது. அவன் நம்பாமல் எட்டிப் பார்த்தான். உலகம்மாளுடையது கறுப்பாகவே இருந்தது. நடுவர் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, மாநிலப் போட்டிக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

கூடம் காலியான பிறகு உலகம்மாள் வந்தாள்.

"தேய்ச்ச சூடும் என் கைச்சூடும் சேந்து துண்டு பெருத்திருக்கு. சூட்டோட அளக்கக் கூடாதுன்னு மொத மாசமே சொல்லித் தந்தீங்க. பயத்துல மறந்துட்டேன். இசக்கிராஜாவோடது ஆறிச் சுருங்கி இடுக்கு விட்டுட்டு."

மேடம் தலையசைத்தார்.

"தொட்டதுமே உங்களுக்குத் தெரிஞ்சிட்டுல்லா? 'ஆறட்டும்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் இப்பிடி அழுதிருக்க மாட்டேனே மேடம்?"

மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, ஆறிட்டா ஆறிட்டான்னு எத்தன தடவ தொட்டுப் பாத்திருப்ப?"

உலகம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மேடம் பஸ்ஸுக்கு நடந்தார். சற்று நேரம் கழித்து அவளும் நடந்தாள்.